வயரா, குழாயா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் என் மகன், "அம்மா, இதுக்கு மேல எனக்குப் படிப்பு ஏறாது. ஐ.டி.ஐ.யில சேர்த்துவிடு" என்று சொல்லிவிட்டான். அவன் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ, கைத்தொழில் ஒன்று இருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை என்ற தைரியம்.

எலக்ட்ரீஷியனா, பிளம்பரா? முன்னது 2 வருஷப் படிப்பு. பின்னது 1 வருஷம். "கரண்ட் வேலைன்னா நாலு பேர் மதிப்பாங்க. குழாய் வேலைன்னா சாக்கடையில கை வைக்கணும்" என்றார் இவர். பையனுக்கும் கரண்ட் வேலையில்தான் ஆசை.

'எதற்கும் முதலில் வேலையைப் பார்க்கட்டும்' என்று, லீவில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனோடு அனுப்பினேன். மூன்றாம் நாளே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, தம்பி கெட்டிக்காரன்தான். ஆனா பச்சை வயரை எடுடான்னா சிவப்பை எடுக்கிறான். எதுக்கும் கண்ணைக் காட்டிடுங்க."

எனக்குத் திக்கென்றது. பழுத்த தக்காளி பொறுக்கச் சொன்னால் காயையும் சேர்த்து அள்ளி வருவானே! கவனமில்லை என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்!

கண் டாக்டர், வண்ணப் புள்ளிகளால் ஆன படங்களைக் காட்டி, உள்ளே தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னார். பலவற்றில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பு, பச்சை பேதம் தெரியாத நிறக்குருடாம். பிறவியிலேயே வருவது, குணப்படுத்த மருந்தில்லை. தாய் வழியாகத்தான் மகனுக்கு வருமாம். தாய்க்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாதாம். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாய் என்று பறித்து வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வீட்டு வயரிங்கில் சிவப்பு வயரில் கரண்ட் வரும், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சிவப்பையும் பச்சையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கிரைண்டரின் உடம்பிலேயே கரண்ட் பாயும். தொடுகிறவள் நம்மைப் போல ஒருத்திதானே?

இரண்டு நாள் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பிளம்பரோடு போய் வந்தான். ஒரு வாரத்தில் எனக்கே பாடம் எடுத்தான்: "கழிவுக் குழாய்க்கு வாட்டம் சரியா இருக்கணும்மா. சிங்க் அடியில வளைவில தண்ணி நிக்கிறதாலதான் நாத்தம் மேலே வராம இருக்கு."

பிளம்பர் பிரிவிலேயே சேர்ந்துவிட்டான். இப்போது பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால், "எம் பையன் பார்ப்பான்" என்று முந்திக்கொண்டு சொல்கிறவர் இவர்தான்!

சகோதரிகளே, பிள்ளையைத் தொழிலில் சேர்க்குமுன் அந்த வேலையை நேரில் பார்க்க விடுங்கள். நிறம் தெரிகிறதா என்றும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். சில நிமிஷ வேலைதான்.