தென்னையின் ஒற்றைக் குருத்து

கொல்லையில் இரண்டொரு தென்னம்பிள்ளைகளை வைத்து வளர்ப்பவர்கள், புதிதாக விரிந்த மட்டையின் ஓலைகளில் முக்கோண முக்கோணமாக வெட்டுகள் வரிசைப்பட்டிருப்பதைக் கண்டால், அம்மட்டைக்கு ஏதோ வியாதி கண்டிருக்கிறதென்று கலங்குவது சகஜம். உண்மையில், அந்த ஓலைகள் விசிறிபோல் மடிந்து குருத்துக்குள் கிடந்த காலத்திலேயே காண்டாமிருக வண்டு ஒன்று இராக்காலத்தில் குறுக்கே துளைத்துவிட்டது; மடிப்பில் விழுந்த ஒரு துளையே, விரிந்தபின் பல வெட்டுகளாகத் தெரிகிறது.

மாமரத்திலும் வேம்பிலும் ஒரு கிளை போனால் மற்றொன்று துளிர்க்கும். பட்டைக்கடியிலுள்ள வளர்திசு அவற்றின் காயங்களைக் காலக்கிரமத்தில் மூடிவிடும். தென்னைக்கு இவ்விரண்டு பாக்கியமும் இல்லை. உச்சியிலுள்ள ஒரே குருத்தில்தான் அதன் ஜீவன் இருக்கிறது. தண்டில் பட்ட காயமோ ஆயுள் முழுவதும் மூடாது. ஆதலால், ஏறுவதற்கு வசதியென்று தண்டில் படி வெட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அத்தகைய காயங்களிலும் காண்டாமிருக வண்டு குடைந்த துளைகளிலும் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகிறது; அதன் புழுக்கள் உள்ளேயே தின்று வளர்வதால், துளைகளில் பழுப்பு நீர் வடிவதும் மென்ற நார் தள்ளப்படுவதும் தவிர வெளியே அடையாளம் அதிகமில்லை. குருத்து வாடிய பிறகு விழித்துக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் மரம் மிஞ்சுவதில்லை.

காண்டாமிருக வண்டின் புழுக்களோ மரத்தைத் தீண்டுவதே இல்லை. மக்கும் சாணத்திலும் இற்றுப்போன தென்னங்கட்டைகளிலும் அவை மாதக்கணக்கில் சுருண்டு கிடந்து வளர்கின்றன. மரத்தின் உச்சியையே அண்ணாந்து பார்த்திராமல், தோட்டத்து மூலையிலுள்ள எருக்குழியை அடிக்கடி கிளறிப் பார்ப்பதே உத்தமமான உபாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்தால், அது புழுக்களைப் பற்றி நாசமாக்கும். குருத்துக்குள் புகுந்துவிட்ட வண்டை முனை வளைந்த கம்பியால் குத்தி எடுப்பதும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உட்புறத்து மூன்று மட்டைகளின் இடுக்கில் இடுவதும் அனுபவத்தில் பலன் கண்ட முறைகள். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து மண்சட்டிகளில் வைத்தால், வண்டுகள் வாசனைக்கு வந்து விழும். புழுக்களைப் பொறுக்கியெடுத்த எருவைத் தென்னைக்கே தாராளமாக இடலாம். அதனால் தோஷம் ஒன்றுமில்லை.