ஒரே வீட்டில் இரண்டு கட்சி

தமிழ்நாட்டில் கட்சிகளுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. ரசத்துக்குப் புளி அதிகமா, குறைவா என்பதற்குக்கூட இரண்டு கட்சி உண்டு. ஆனால் 2020-ம் வருஷத்திலிருந்து சுமார் மூன்று வருஷ காலம் நமது குடும்பங்களுக்குள்ளே தோன்றிய கட்சிகள் வேறு ரகத்தைச் சேர்ந்தவை. ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக் கொண்டு, தகப்பனார் ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி. மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று. கொரோனா வியாதி எவ்வளவு அபாயமானது, அதற்கு ஊசி போட்டுக் கொள்ளலாமா கூடாதா என்பதே வழக்கு. நீதிபதி இல்லாத வழக்கு. ஆகையால் அநேக வீடுகளில் அதற்கு இன்றுவரை தீர்ப்பும் ஏற்படவில்லை.

முதலில் எழுந்தது அபாயத்தைப் பற்றிய சச்சரவு. 2020 மார்ச்சு 24-ந் தேதி மாலை தமிழ்நாட்டில் ஊரடங்கு ஆரம்பித்தது. மறுநாளிலிருந்தே பால் பாக்கெட்டுகளுக்குச் சோப்பு ஸ்நானம் நடந்தது. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் தவம் இருந்தன. காலைப் பத்திரிகையை வெயிலில் உலர்த்தி மத்தியானம் படித்தவர்களை எனக்குத் தெரியும். மே 5-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட்டையே மூடும்படி நேர்ந்தபோது, "நான் சொன்னேனா இல்லையா?" என்று காய்கறி கழுவும் கட்சியார் வெற்றி முழக்கம் செய்தார்கள். வியாதி தொட்ட பொருளைக் காட்டிலும் மூச்சுக் காற்றினாலேயே மிகுதியும் பரவுகிறது என்பது பிற்பாடுதான் தெளிவாகியது. அதற்குள் என்ன நடந்தது? கத்தரிக்காயைக் குளிப்பாட்டிய அதே வீட்டில், ஜன்னல்களைச் சாத்திக் குளிர் சாதனத்தைப் போட்டுக் கொண்டு, இருபது பேர் நெருங்கி உட்கார்ந்து நிச்சயதார்த்தம் நடத்தினார்கள்! முகக் கவசம் எல்லாரிடமும் இருந்தது. பலருக்கு அது கழுத்துக்கு ஆபரணமாக இருந்தது. போலீஸ்காரர் தென்பட்டால் மேலே ஏறும், அவர் மறைந்தால் கீழே இறங்கும். இருநூறு ரூபாய் அபராதத்துக்குப் பயந்தவர்கள் வியாதிக்கு ஏன் பயப்படவில்லை என்பது ஆராய வேண்டிய விஷயம். போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிகிறார் என்பதுதான் காரணமாயிருக்கலாம்.

2021 ஜனவரி 16-ந் தேதி தேசமெங்கும் தடுப்பூசி ஆரம்பமாயிற்று. முதலில் வைத்தியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் போட்டார்கள். மார்ச்சு முதல் தேதியிலிருந்து அறுபது வயதானவர்கள் முறை வந்தது. அப்போதுதான் வழக்கு முற்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெரியவருக்கு வயது அறுபத்தெட்டு, சர்க்கரை வியாதி உண்டு. மூத்த பிள்ளை ஊசிக் கட்சி. இளைய பிள்ளை, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்னும் கட்சி. மார்ச்சு மாதக் கடைசியில் மூத்தவன் தகப்பனாரை அழைத்துப் போய்க் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக் கொண்டு வந்தான். இரண்டாவது ஊசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் என்று அப்போது விதி. மே 13-ந் தேதி சர்க்கார் அதைப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரமாக மாற்றியது. நாள் பார்த்துக் காத்திருந்த பெரியவர், இரண்டாவது ஊசிக்கு முன்னால் மே மாதக் கடைசியில் படுத்தார். அந்த மே மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு வியாதி கண்டது. படுக்கைக்கும் பிராண வாயுவுக்கும் மனிதர்கள் தெருத் தெருவாக அலைந்தார்கள். பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பெரியவர் பிழைத்து வந்தார்.

வீட்டில் சமாதானம் ஏற்பட்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. "ஊசி போட்டும் வியாதி வந்ததே!" என்றான் இளையவன். "ஊசி போட்டதனால்தானே அப்பா பிழைத்தார்!" என்றான் மூத்தவன். இரண்டு பேரும் ஒரே மனிதரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சாட்சியோ, "கஞ்சியில் உப்புப் போடச் சொல்லுங்கள்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. ஒருவருடைய அனுபவத்தை வைத்துக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க இயலாது. ஊசி போடாமலிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை யாரால் சொல்ல முடியும்?

ஒருவரைக் கொண்டு அறிய முடியாததைப் பதினாயிரக்கணக்கானவர்களைக் கொண்டு ஓரளவு அறியலாம். அந்தக் கணக்கு நமது தமிழ்நாட்டிலேயே எடுக்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தார் தமிழ்நாட்டுப் போலீஸ் படையினர் 1,17,524 பேரை எடுத்துக் கொண்டார்கள். அவர்களில் 67,673 பேர் இரண்டு ஊசியும் போட்டுக் கொண்டவர்கள். 32,792 பேர் ஒரு ஊசி மட்டும். 17,059 பேர் ஊசியே போடாதவர்கள். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரையில் இவர்களில் 31 பேர் கொரோனாவினால் மாண்டார்கள். ஊசி போடாதவர்கள் தொகையில் மிகக் குறைந்தவர்கள் அல்லவா? ஆனால் மாண்டவர்களில் 20 பேர் அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு ஊசி போட்டவர்களில் 7 பேர். இரண்டும் போட்டவர்களில் 4 பேர். ஆயிரம் பேருக்கு என்று வகுத்துப் பார்த்தால் முறையே 1.17, 0.21, 0.06. ஊசி போடாதவர்களிடையே ஏற்கனவே நோயாளிகளாயிருந்து பயந்து ஒதுங்கியவர்கள் அதிகம் இருந்திருக்கலாம் என்று ஆட்சேபம் சொல்ல இடமுண்டு. அதைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தாலும் வித்தியாசம் சிறியதல்ல. இதே கணக்கில் இளையவனுக்கும் பதில் இருக்கிறது: இரண்டு ஊசி போட்டவர்களிலும் நான்கு பேர் இறந்திருக்கிறார்கள். ஊசி என்பது கவசம், அமிர்தம் அல்ல.

ஆனால் கணக்கு ஜனங்கள் மனதைத் தொடுவதில்லை, கதைதான் தொடுகிறது. நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ந் தேதி, மற்றவர்களுக்கு ஊக்கமூட்டுவதற்காகவே, சென்னை அரசாங்க மருத்துவமனை ஒன்றில் பகிரங்கமாக ஊசி போட்டுக் கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ந் தேதி காலமானார். இருதய இரத்தக் குழாய் ஒன்று முற்றிலும் அடைபட்டிருந்தது, இதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பிற்பாடு மத்திய சர்க்காரின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அவ்விதமே சொல்லிற்று. ஆயினும் குழு அறிக்கை வருவதற்குள் வதந்தி குமரி முனைவரை போய்த் திரும்பி விட்டது. பயந்தவர்களைப் பரிகசிப்பது நியாயமல்ல. நேற்றுச் சிரிக்க வைத்தவர் இன்று இல்லை என்றால், அடுத்தடுத்து நடந்த இரண்டு காரியங்களையும் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது.

சுதேசி, விதேசி விவகாரமும் இதில் வந்து சேர்ந்தது. கோவாக்சின் ஹைதராபாத்தில் நம்மவர்களே கண்டுபிடித்துத் தயாரித்தது. கோவிஷீல்டு ஆக்ஸ்போர்டில் உருவாகிப் புனாவில் தயாரானது. கதர் கட்டிய குடும்பங்களில் இயல்பாகவே கோவாக்சினுக்கு மரியாதை. ஆனால் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளிவருவதற்கு முன்பே, 2021 ஜனவரி 3-ந் தேதி, அதற்கு அநுமதி கொடுத்தது சர்க்கார் செய்த அவசரம். தேசபக்தியைக் கொண்டு சோதனையின் குறையை நிரப்ப முடியாது. 77.8 சதவிகிதப் பலன் என்ற முடிவு ஜூலையில்தான் கிடைத்தது. இதற்கிடையில் மற்றொரு வேடிக்கை. உலக சுகாதார ஸ்தாபனம் கோவாக்சினை நவம்பர் 3-ந் தேதிதான் அங்கீகரித்தது. ஆகவே அமெரிக்காவில் பிள்ளை பெண் இருக்கும் பெற்றோர்கள், பேரன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்ற ஒரே காரணத்துக்காகக் கோவிஷீல்டைத் தேடி அலைந்தார்கள். சுதேசியம் விமான நிலைய வாசலில் தயங்கி நின்றது.

கிராமங்களில் வழக்கு வேறு மாதிரி. 2021 செப்டம்பர் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடெங்கும் பெரிய முகாம்கள் நடந்து ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போடப்பட்டது. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஏன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மாமிசம் உண்கிறவர்களும் மது அருந்துகிறவர்களும் அன்று ஊசி போட்டால் ஆகாது என்று நம்பி வராமலிருந்தார்கள்! அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லைதான். ஆனாலும் ஜனங்களோடு வாதாடிக் கொண்டிராமல் கிழமையை மாற்றிய சுகாதார இலாகாவின் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். அதே வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தெற்கே கோவளம் மீனவர் குப்பத்தில், ஊசி போட்டுக் கொண்டவர்களுக்குத் தர்ம ஸ்தாபனத்தார் பிரியாணியே வழங்கினார்கள். வாதத்தைவிட பிரியாணிக்குப் பலம் அதிகம் என்பது அங்கே ருசுவாயிற்று.

இதெல்லாம் புதிதென்று எண்ண வேண்டாம். சென்னையில் கலெக்டராக இருந்து 1819-ல் காலமான எல்லிஸ் துரை, அம்மை குத்திக் கொள்ளும்படி ஜனங்களைத் தூண்டுவதற்காகத் தமிழில் ஒரு கதையே எழுதினார். பசுவிடமிருந்து கிடைக்கும் அந்த வரத்தைத் தேவி தன்வந்திரிக்கு உபதேசிப்பதாகக் கதை. பிற்காலத்தில் மகாத்மா காந்தியே அம்மைப்பால் குத்துவதைக் கண்டித்து எழுதினார். அவரிடம் நமக்குள்ள பக்தி குறையாமலே, இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சி தோற்றது என்று சொல்லலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் தயாரான அம்மைப்பால் வீடு வீடாகப் போயிற்று. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

கொரோனா வழக்கு மறுபடி உயிர் பெற்றது 2024 ஏப்ரல் மாதக் கடைசியில். கோவிஷீல்டை உருவாக்கிய கம்பெனி, மிகவும் அபூர்வமாக அந்த ஊசியினால் இரத்தம் உறைவதுண்டு என்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக் கொண்டதாகச் செய்தி வந்தது. இளைய பிள்ளைகளெல்லாம் அந்தச் செய்தியை மூத்த பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். செய்தி மெய்தான்; புதிதல்ல. ஐரோப்பிய நிபுணர்கள் 2021 ஏப்ரலிலேயே இதைச் சொன்னார்கள். இங்கிலாந்தில் இளவயதினருக்கு வேறு ஊசி கொடுக்கும்படி அப்போதே ஏற்பாடும் செய்தார்கள். நமது தேசத்துக் குழு 2021 மே மாதத்தில் கண்டது 26 பேர். பத்து லட்சம் ஊசிக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவருடைய வீட்டில் இந்தக் கணக்கு ஆறுதலாகாது என்பதை ஊசிக் கட்சியார் நினைவில் வைக்க வேண்டும். இளையவர்களும் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும்: அந்த உபத்திரவம் வருவதானால் ஊசி போட்ட நாலாவது நாளிலிருந்து நாற்பத்திரண்டாவது நாளுக்குள் வருவது. 2021-ல் ஊசி போட்டுக் கொண்ட பாட்டியை 2024-ல் அதற்காக இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துக் கொண்டு ஓட வேண்டிய அவசியமில்லை.