ஐம்பது சதவீதம் தள்ளுபடி… எந்த விலையிலிருந்து?

ஆடி முடிய இன்னும் சில நாள்தான். வள்ளூர், எண்ணூர் பக்கமிருந்து ரயிலேறிப் போய் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்தவர்கள் கேட்கிறார்கள்: ‘தள்ளுபடியே பொய் என்றால் புகார் செய்யலாமா? ஆடிக்குள் கொடுத்தாக வேண்டுமா?’ செய்யலாம். ஆனால் எது பொய் என்பதில்தான் சிக்கல்.

எம்.ஆர்.பி.யை மருந்து போன்ற சிலவற்றைத் தவிர அரசு நிர்ணயிப்பதில்லை, தயாரிப்பவரே போட்டுக்கொள்கிறார். 600 ரூபாய்க்கு விற்க நினைக்கும் சட்டையில் 1,200 என்று அச்சடித்து, ‘50% தள்ளுபடி’ என்று பலகை மாட்டினால் எம்.ஆர்.பி. விதி மீறப்படவே இல்லை. அச்சிட்டதற்கு மேல் விற்கக் கூடாது என்பதோடு அது நின்றுவிடுகிறது. கடையின் சொந்த பிராண்டு என்றால் விலை போடுபவரும் குறைப்பவரும் ஒருவரே. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளோ, குறைத்த விலைக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், பழைய விலையை மறைக்கக் கூடாது என்கின்றன. நுகர்வோர் நலனுக்காம், பெரிய எண் கண்ணில் படுவதுதானே கடைக்கும் வேண்டியது!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டித்தான் தள்ளுபடி அறிவிக்க முடியும். இங்கே அப்படி நாள்கணக்கு இல்லை. நமக்குள்ள பிடி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47). ‘மலிவு விலை’ என்ற விளம்பரத்தை, அந்தப் பொருள் வழக்கமாக விற்கும் விலையோடு வைத்துப் பார்க்க அது இடம் தருகிறது. ஆனியிலும் அதே சட்டை 600தான் என்று காட்ட ஒரு பழைய பில் இருந்தால், வாதாட வழி உண்டு.

மற்ற கேள்விகள்:

தள்ளுபடி விலைக்கு மேல் வரி கேட்டால்? எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம். அப்படி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் ஏரோ கிளப் வழக்கில் சொல்லிவிட்டது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’? பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு போடாவிட்டால், திருப்பித் தர 30 நாள்.

சைஸ் சரியில்லை? கடைக்காரர் மனசு.

பொய் விளம்பரத்துக்கு அபராதம்? 10 லட்சம் ரூபாய் வரை, மறுமுறை 50 லட்சம் வரை. உங்கள் கைக்கு வராது.

எங்கே போவது? முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வழக்கென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வள்ளூர்க்காரர்களுக்குத் திருவள்ளூர். பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

வழக்குக்குக் கெடு? இரண்டு ஆண்டு. பில்லின் எழுத்து அவ்வளவு நாள் தாங்காது; இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.