பெற்றோர் ஊற்றிக் கொடுத்தால் குற்றமா?

அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர் மது குடிக்கக் கூடாது. அங்கே பிள்ளை வளர்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்டின் மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. மதுவை விலைக்கு வாங்குவது, பொது இடத்தில் கையில் வைத்திருப்பது, இந்த இரண்டைப் பற்றி மட்டும்தான் அது பேசுகிறது. வீட்டுக்குள், அப்பா அம்மா கண்ணெதிரே ஒரு பதினேழு வயதுப் பையன் அரை டம்ளர் பீர் குடிக்கலாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் எழுதி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் சரியென்பது பக்கத்து மாநிலத்தில் குற்றம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வரலாறு. 1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. வியட்நாம் போருக்கு அனுப்பலாம், ஓட்டுப் போட வைக்கலாம், பீர் மட்டும் தரக் கூடாதா என்ற பேச்சு எழுந்தது; அந்தச் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 30 மாநிலங்கள் குடிக்கும் வயதைக் குறைத்தன. பிறகு சாலைகளில் இளைஞர்கள் சாவது கூடியது. வயது குறைவாக உள்ள பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் நடந்த விபத்துகளும் அதில் உண்டு.

1980இல் கலிஃபோர்னியாவில் கேண்டி லைட்னர் என்ற பெண்ணின் 13 வயது மகள், குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி இறந்தாள். 'குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள்' என்ற அமைப்பை அவர் தொடங்கினார். (அந்த ஓட்டுநர் இளைஞர் அல்லர், முன்பே போதையில் ஓட்டிப் பிடிபட்ட நடுவயதுக்காரர். ஆனாலும் அந்த இயக்கத்தின் வேகம் குடிக்கும் வயதை உயர்த்துவதிலும் பாய்ந்தது.) 1984 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், வயதை நேரடியாக நிர்ணயிக்கவில்லை. 21க்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை, முதலில் 5 சதவீதம், பிறகு 10 சதவீதம், வெட்டுவோம் என்றது. சவுத் டகோட்டா வழக்குப் போட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. பணம் செய்த வேலை.

அந்தச் சட்டத்துக்கான விதிகளில்தான் நம் விஷயம் ஒளிந்திருக்கிறது. மதச் சடங்குக்காக, மருத்துவக் காரணத்துக்காக, அல்லது 21 வயது நிரம்பிய பெற்றோர், கணவன் அல்லது மனைவி, சட்டப்படியான காப்பாளர் ஆகியோரில் ஒருவருடன் இருக்கும்போது மதுவைக் கையில் வைத்திருந்தால், அதைப் 'பொது இடத்தில் வைத்திருத்தல்' என்று மத்திய விதி கணக்கில் எடுப்பதில்லை. அதாவது இந்த விதிவிலக்குகளைத் தரும் மாநிலத்துக்கு நிதி வெட்டு இல்லை. தருவதும் தராததும் மாநிலத்தின் விருப்பம்.

விஸ்கான்சின் தாராளமாகத் தந்தது. பீருக்குப் பேர்போன அந்த மாநிலத்தில், பெற்றோர் கூட இருந்தால் பிள்ளை மதுக்கடையிலேயே உட்கார்ந்து குடிக்கலாம். அதற்குக் குறைந்தபட்ச வயது என்று எதையும் சட்டம் சொல்லவில்லை. கடைக்காரர் மறுக்கலாம், அவ்வளவுதான். டெக்சாஸில் பெற்றோர் கண்ணுக்குத் தெரியும்படி கூடவே இருக்க வேண்டும். 'வீட்டில் அப்பா சரி என்றுதான் சொன்னார்' என்பது அங்கே செல்லாது. அப்பா அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். அதே டெக்சாஸ் சட்டப்படி 20 வயது மனைவி, 21 வயதுக் கணவன் அருகில் இருந்தால் குடிக்கலாம். ஒரு வயது மூத்த கணவன், மனைவிக்குக் காவலாளி ஆகிவிடுகிறான்! சட்டம் எழுதியவர்கள் இதைச் சிரிக்காமல்தான் எழுதினார்கள்.

நியூ ஜெர்சியையும் பென்சில்வேனியாவையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நடுவே ஓடுவது டெலவேர் ஆறு மட்டுமே. நியூ ஜெர்சியில் வயது குறைந்தவருக்கு மது கொடுப்பது குற்றம். ஆனால் கொடுப்பவர் அந்தப் பிள்ளையின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. பாலத்தைக் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போனால், பெற்ற தாயே ஊற்றிக் கொடுத்தாலும் குற்றம்தான். மதச் சடங்குக்கு விலக்கு உண்டு, குடும்பத்துக்கு இல்லை. முதல் முறை பிடிபட்டாலே குறைந்தது 1,000 டாலர் அபராதம். நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள உறவினர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், சட்டம் வழியிலேயே மாறிவிடும்.

பெற்றோர் அதிகம் சறுக்கும் இடம் வேறு. ஹைஸ்கூல் கிராஜுவேஷன் பார்ட்டி. 'எங்கேயோ போய்க் கெட்டுப்போவதற்கு நம் வீட்டிலேயே, நம் கண் முன்னால் குடிக்கட்டும். கார்ச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளலாம்' என்று நினைத்து, மகனின் நண்பர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்கிறார்கள். எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பெற்றோருக்குத் தரப்படும் விலக்கு சொந்தப் பிள்ளையோடு நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டுப் பையனுக்கு நீங்கள் வெறும் அந்நியர். டெக்சாஸில் அப்படிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். அது போக, 18 வயது ஆகாத வேற்றுப் பிள்ளைக்குத் தெரிந்தே மது கொடுத்தவர், அல்லது தன் வீட்டில் குடிக்க விட்டவர், அந்தப் போதையால் விளையும் சேதத்துக்கு நஷ்ட ஈடு தர வேண்டியிருக்கும் என்று 2005இல் சட்டம் சேர்த்தார்கள். அந்தப் பையனின் அம்மா போனில் 'பரவாயில்லை, கொடுங்கள்' என்று சொல்லியிருந்தாலும், அவர் அங்கே இல்லாதவரை அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது.

சாலையிலும் இந்த விலக்கு நிற்காது. வீட்டில் அப்பாவோடு சட்டப்படி ஒரு கிளாஸ் ஒயின் குடித்த பதினெட்டு வயதுப் பெண், அரை மணி நேரம் கழித்துக் காரை எடுத்தால், வயது வந்தவர்களுக்கான 0.08 சதவீத அளவு அவளுக்குப் பொருந்தாது. 21க்குக் கீழே உள்ளவர்களின் இரத்தத்தில் 0.02 சதவீதமோ அதற்கு மேலோ மது இருந்தால் குற்றம் என்று மாநிலங்கள் சட்டம் வைக்க வேண்டும் என 1995இல் மத்திய அரசு மறுபடியும் சாலை நிதியைக் காட்டி நெருக்கியது. நியூ ஜெர்சி 0.01லேயே பிடிக்கிறது. டெக்சாஸில் துளி தென்பட்டாலே போதும். யார் ஊற்றிக் கொடுத்தது என்று எவரும் கேட்கப்போவதில்லை.

வீட்டில் பழக்கினால் வெளியே அளவோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தைவிடப் பெரிய இடி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே 1,927 பதின்வயதினரை 2010 முதல் 2016 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு, 2018இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வெளியானது. பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. வெளியாட்களிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பு அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அன்று, தொடர்பைக் காட்டும் ஆய்வு. ஆனாலும் 'நான் கொடுப்பதே நல்லதுக்குத்தான்' என்று சொல்லும் பெற்றோர், அதற்கு ஆதாரம் எங்கே என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விஸ்கான்சினிலோ டெக்சாஸிலோ கிடைக்கும் விலக்கு விமானம் ஏறி வராது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாத எவருக்கும் மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தகுதி பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே விலக்கு. பெற்றோர் என்ற சொல் அந்த விலக்கில் இல்லை.