வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த விளக்கு?

கித்துள்கலையைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் ஏறும்போது, பகல் பதினொரு மணிக்கே சாரதி ஹெட்லைட்டைப் போட்டுவிடுவார். இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள், பனிக்குள் பாதை தெரிவதற்காகப் போடுகிறார் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பனிக்குள் லைட் போட்டாலும் பாதை அவ்வளவாகத் தெரியாது. முன்னால் நிற்கும் வெள்ளை இன்னும் கொஞ்சம் வெள்ளையாகும். ஆனால் வளைவுக்கு அப்பாலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லொறிக்காரருக்கு, எதிரே ஒரு பஸ் வருகிறது என்று தெரிந்துவிடும். அந்த லைட் அவருக்காகப் போட்டது.

விமானத்தின் வெளிவிளக்குகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஊரின் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது. தீப்பற்றிய சேனை என்பதுதான் கினிகத்தேனையின் சிங்களப் பொருள். பக்கத்தில் நோர்ட்டன் பிரிட்ஜிலும் லக்சபானவிலும் பிறக்கும் மின்சாரம் கொழும்பு வரை போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் இறங்கியதை இங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு மனிதர் தன் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இலங்கையிலேயே பதில் உண்டு. ரே விஜேவர்தன (1924–2010) பொறியியலாளர். வெப்பமண்டல விவசாயத்துக்கு ஏற்றபடி உழவு இயந்திரங்களை மாற்றியமைத்தவர். சரிவு நிலத்தில் மண் கரைந்து ஓடாமல் கிளிரிசிடியா வரிசைகளை நட்டுக் காக்கலாம் என்று ஓயாமல் சொல்லி வந்தவர். மலையகத்துக்கு இது மிகவும் வேண்டிய பாடம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் சிறு விமானங்களைத் தன் கையாலேயே கட்டி, தானே ஓட்டினார். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகோட்டியவரும் அவரே. படகும் விமானமும் ஒரே மனிதரிடம் சேர்ந்தது பொருத்தம்தான். விமான விளக்கின் நிறங்கள் கப்பலிலிருந்து வந்தவை.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நீராவிக் கப்பல்கள் இரவில் ஒன்றையொன்று மோதத் தொடங்கிய காலத்தில், 1848இல், பிரித்தானியக் கடற்படைத் தலைமை தன் நாட்டு நீராவிக் கப்பல்களுக்கு இந்த நிறங்களைக் கட்டாயமாக்கியது. 1919இல் பாரிஸில் கையெழுத்தான வான் போக்குவரத்து ஒப்பந்தம் அதே வழக்கத்தை விமானத்துக்கும் எடுத்துக்கொண்டது. இடது இறக்கை நுனியில் சிவப்பு. நேர் முன்னாலிருந்து இடப்பக்கமாக 110 பாகை வரை தெரிய வேண்டும். வலது நுனியில் பச்சை. அதற்கும் 110 பாகை. வாலில் வெள்ளை; பின்னால் 140 பாகை. மூன்றையும் கூட்டினால் 360, முழு வட்டம். நூறு வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை.

இந்த மூன்று நிறமும் இருட்டில் ஒரு மொழி. எதிரே சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த விமானம் நேராக என்னை நோக்கி வருகிறது. இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளை மட்டும் தெரிந்தால் எனக்கு முன்னால் அதே திசையில் போகிறது. வலப்பக்கத்திலிருந்து என் பாதையைக் குறுக்கறுத்து வரும் விமானத்தின் இடது இறக்கைதான் எனக்குத் தெரியும், ஆகவே தெரிவது சிவப்பு. வலப்பக்கம் இருப்பவருக்கே முன்னுரிமை. நான் விலக வேண்டும். அந்த விமானிக்கோ என் வலது இறக்கையின் பச்சை தெரியும், அவர் தன் வழியே போகலாம். சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே நிறம் கட்டளையைச் சொல்லிவிடுகிறது. மனிதர்கள் உண்டாக்கிய அடையாள முறைகளில் இவ்வளவு சிக்கனமானவை சிலவே.

இனி வெளிச்சத்தின் அளவு. ஒளிச்செறிவை அளக்கும் அலகு கன்டெலா. ஏறக்குறைய ஒரு மெழுகுதிரியின் ஒளி என்று வைத்துக்கொள்ளலாம். சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதிகள் வகுத்த அளவு இது: சிவப்பும் பச்சையும் நேர் முன்னால் 10 பாகைக்குள் 40 கன்டெலா, அடுத்த 10 பாகையில் 30, அதிலிருந்து 110 பாகை வரை வெறும் 5. வால் விளக்கு 20. முன்னால் எட்டு மடங்கு ஏன்? நேருக்கு நேர் வரும் விமானத்துக்குத்தான் நேரம் மிகக் குறைவு. பக்கவாட்டில் தெரிபவருக்கு அவகாசம் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போட்டால் இன்னும் எட்டத் தெரியுமே என்று தோன்றும். கடல் விளக்குகளின் சர்வதேச அட்டவணையைப் பாருங்கள். 3 கடல்மைலுக்குத் தெரிய 12 கன்டெலா போதும். 6 கடல்மைலுக்கு 94 வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒளி பரந்து மெலிவதால் நான்கு மடங்கு போகிறது. மீதியைக் காற்றிலுள்ள ஈரமும் தூசியும் விழுங்குகின்றன. அந்த அட்டவணையும் தெளிந்த இரவுக்கானது. எங்கள் ஊர்ப் பனியில் எந்தக் கணக்கும் நிற்காது.

வீட்டில் கட்டுபவர்கள் பெரும்பாலும் தவறுவது விளக்கை வாங்குவதில் அல்ல, பொருத்துவதில். இறக்கை நுனியை அழகாக வளைத்து, கண்ணாடி போன்ற மூடிக்குள் விளக்கை ஒளித்து வைப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வளைவின் விளிம்பு பக்கவாட்டில் சில பாகைகளை மறைத்துவிடும். அந்தத் திசையிலிருந்து வருபவருக்கு அப்படி ஒரு விமானமே இல்லை. எதிர்ப்புறத் தவறும் உண்டு. சிவப்பு வலப்பக்கமும், பச்சை இடப்பக்கமும் வழிந்து கலந்தால், கடந்து போகும் விமானம் நேரே வருவதாகத் தோன்றும். அதனால்தான் ஒரு நிறம் மற்றதன் எல்லைக்குள் எவ்வளவு வழியலாம் என்பதற்கும் விதியில் உச்ச வரம்பு இருக்கிறது. பிறருக்குத் தெரிய வேண்டிய இந்த விளக்குகள் ஓட்டுபவரின் கண்ணில் படக்கூடாது. இருட்டுக்குப் பழகிய கண்ணை அரை நொடி வெளிச்சமே கெடுத்துவிடும்.

நிலையாக எரியும் விளக்கு நகர விளக்குகளுக்கு முன்னால் காணாமல் போகும். மோதும் பாதையில் வரும் விமானம், பார்ப்பவரின் கண்ணாடியில் ஒரே புள்ளியில் அசையாமல் நிற்கும், மெல்லப் பெரிதாகும், அவ்வளவே. அசையாததைக் கண் கவனிக்காது. ஆகவேதான் விட்டுவிட்டு மின்னும் மோதல் தடுப்பு விளக்கு வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை மின்ன வேண்டும். சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம். கிடைத்தளத்தில் 400 கன்டெலாவுக்குச் சமமான வலு வேண்டும். கிடைத்தளத்துக்கு மேலும் கீழும் 75 பாகை வரை தெரிய வேண்டும். ஏறி வருபவருக்கும் இறங்கி வருபவருக்கும் அது வேண்டும்.

முன்பு இந்த மின்னலுக்குச் செனன் வாயுக் குழாய்தான் இருந்தது. ஒரு மின்தேக்கியில் சில நூறு வோல்ட்டைச் சேர்த்து வைத்து, ஒரே அடியில் குழாய்க்குள் விடும் முறை. விளக்கை அணைத்த பிறகும் அந்த மின்தேக்கி தன்னிடமுள்ளதைச் சில நிமிடங்களுக்கு விடாது. பழைய செனன் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம். உடனே கழற்றக் கை வைப்பது உயிராபத்து. இன்று பெரும்பாலோர் எல்ஈடிக்கு மாறிவிட்டார்கள். நான் கேட்டால் சொல்வதும் அதுதான். நிற விளக்கும் மின்னும் விளக்கும் ஒரே கூட்டுக்குள் வருகின்றன, எடை குறைவு, உயர் வோல்ட் இல்லை.

எல்ஈடி வெற்றி பெற்றதன் உண்மையான காரணம் மின்சாரக் கணக்கில் இருக்கிறது. வீட்டில் கட்டும் விமானங்களில் பரவலாகக் காணப்படும் ஒஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் 912 என்ஜின், தன் உள்மின்னாக்கியால் தருவது 250 வாட் அளவுதான். பழைய மின்குமிழ் முறையில் தரையிறங்கு விளக்கு ஒன்றே 100 வாட் குடிக்கும். மூன்று நிற விளக்குகளும் ஒவ்வொன்றும் 20 வாட்டுக்கு மேல். அதோடு செனன் பெட்டி, வானொலி, கருவிப் பலகை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பற்றரி இறங்கத் தொடங்கும். எல்ஈடியில் விளக்குகள் முழுவதும் இதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். மின்னோட்டம் குறைவதால் கம்பியும் மெல்லியதாகலாம். சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

ஆனால் எல்ஈடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதை இயக்கும் சிறு மின்சுற்று நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்னை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த இரைச்சல் விமான வானொலி பேசும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் புகுந்துவிடும். ஹற்றனில் ஓட்டோவுக்குப் பூட்டும் எல்ஈடி பார் ஒன்றை வாங்கி இறக்கையில் மாட்டினால் வெளிச்சம் குறையாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசுவதுதான் கேட்காமல் போகலாம். சோதனை எளிது: தரையில், என்ஜின் ஓடாதபோது, வானொலியின் ஒலியடக்கியைத் திறந்து வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் கூடினால் அந்த விளக்கு வேண்டாம். தரையிறங்கு விளக்குக்கு வாகன விளக்கைப் பாவிப்பவர்கள் உண்டு, சோதித்த பின் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிற விளக்கில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. அதன் நிறமும் கோணமும் அளந்து உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

தரையிறங்கு விளக்கின் பழைய மின்குமிழ் ஒன்றுக்கு 4509 என்று பெயர். 100 வாட், 1,10,000 கன்டெலா, ஆயுள் 25 மணி நேரம். இவ்வளவு குறைந்த ஆயுள் உள்ளதை விமானிகள் மிச்சம் பிடித்து, இறங்கும்போது மட்டுமே போட்டார்கள். எல்ஈடி வந்ததும் பகலிலும் எரிய விடலாம் என்று ஆயிற்று. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது பகலானாலும் இரவானாலும் இந்த விளக்கைப் போட்டுக்கொள்ளும்படி விமானிகளைக் கேட்டுக்கொள்கிறது. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று பூட்டி, மாறி மாறி மின்ன விடுவது இன்னும் நல்லது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 185 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு சிறு விமானங்கள் எதிரெதிரே வந்தால், நொடிக்கு நூறு மீற்றருக்கு மேல் இடைவெளி சுருங்கும். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பி முடிக்க 12.5 நொடி ஆகும் என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் அளவு. அதாவது 1,300 மீற்றருக்கு அப்பாலேயே கண்டாக வேண்டும். அந்தத் தூரத்தில் மெல்லிய இறக்கை கொண்ட வெள்ளை விமானம் முகிலோடு முகிலாக நிற்கும். விளக்கு தெரியும்.

இந்த விளக்குகளால் ஆகாததும் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து மலைதான் அதற்குச் சாட்சி. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியது, ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களும் ஒருவர் மிஞ்சாமல் மாண்டார்கள். இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து இன்றுவரை அதுதான். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய விமானத்தின் விளக்குகளாலும் அந்த மலையை நேரத்துக்குக் காட்ட முடியவில்லை. சிறு விமானத்தின் தரையிறங்கு விளக்கு முன்னூறு மீற்றர் காட்டினால், அது ஆறு நொடி. மூடுபனிக்குள் போனாலோ மின்னும் விளக்கு நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுபவரையே குருடாக்கும். அங்கே அதை அணைக்கத்தான் வேண்டும். மலைநாட்டில் பறப்பவருக்கு மலையைக் காட்ட வேண்டியவை வரைபடமும் உயரமானியும் பகல் வெளிச்சமும்தான். எவ்வளவு விலையுயர்ந்த விளக்கை வாங்கினாலும், அதை நம்பி இருட்டில் பள்ளத்தாக்குக்குள் நுழையாதீர்கள்.

விமானம் கட்ட எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் விளக்கின் மொழியை இந்த வாரமே கற்கலாம். இரண்டு முழ மூங்கில் கம்பின் இடது நுனியில் சிவப்பு எல்ஈடி, வலது நுனியில் பச்சை, நடுவில் பின்னோக்கி வெள்ளை என்று கட்டுங்கள். 110, 110, 140 பாகைக்கு மட்டும் தெரியும்படி மட்டையை வெட்டி ஒவ்வொன்றையும் மறையுங்கள். இருட்டியதும் பாடசாலை மைதானத்தில் நண்பரிடம் கொடுத்து, சத்தமில்லாமல் நடக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பக்கம் போகிறார், நீங்கள் விலக வேண்டுமா என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். பனி இறங்கும் இரவாக இருந்தால், எத்தனை அடியில் பச்சை மறைகிறது என்றும் அளந்து எழுதி வையுங்கள்.