இலவசக் கலைக்கூடமும் அதன் விலையும்

கட்டணம் பெறாது கற்பிக்கப்படும் கலையைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. பொருள் கொடுத்துப் பெறாத எதனையும் மக்கள் மதியார். ஆதலின் இலவச வகுப்புக்கள் நெடுங்காலம் நிலைத்திரா என்பர் ஒரு சாரார். கலை எல்லார்க்கும் பொதுவானது. அதன் வாயிலிலே கட்டணத்தைக் காவலாக நிறுத்துதல் முறையன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. கற்போர் கொடாத பொருளைக் கொடுப்பவர் யார் என்பதே அவ்வினா. கற்பவர்க்கு இலவசமாவது கற்பிப்பவர்க்கோ, அரசுக்கோ, ஊருக்கோ செலவாகவே அமையும். அச்செலவு யார் தோளில் ஏறுகின்றது என்பதைப் பொறுத்தே ஒரு கலைக்கூடத்தின் ஆயுள் நீள்கின்றது; குறுகுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1930 தொடக்கம் 1943 வரையுள்ள காலத்தில் எழுந்த இலவசக் கலைக்கூடங்களின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றது.

சமூகக் கலைக்கூடம் பாடசாலையினின்றும் வேறானது. அங்கே வகுப்பேற்றம் இல்லை, பரீட்சை இல்லை, வயதெல்லை இல்லை. பாடசாலை விட்டபின் பிள்ளைகளும், வேலை முடிந்தபின் பெற்றோரும், வேலையற்றவர் எந்நேரத்திலும் அங்கு வரலாம். ஒரே கூரையின் கீழ் மகன் களிமண்ணிற் குதிரை செய்ய, தாய் நெசவு பயிலலாம். ஆயினும் இவ்வெளிமைக்குப் பின்னால் நான்கு செலவுகள் மறைந்துள்ளன. இடம் வேண்டும்; விளக்கும் வெப்பமும் வேண்டும்; வண்ணம், காகிதம், களிமண் ஆகியவை நாள்தோறும் வேண்டும்; இவையனைத்துக்கும் மேலாகக் கைதேர்ந்த ஆசிரியர் வேண்டும். முன் மூன்றும் குறைந்தால் வேலை சுணங்கும். நான்காவது குறைந்தால் கலைக்கூடம் பொழுதுபோக்கிடமாகிவிடும்.

முதலில் இச்செலவுகளைத் தாங்கியவர்கள் தனியொருவராய் நின்ற கலைஞர்களே. அவர்களுள் ஓகஸ்ரா சாவேஜ் என்னும் சிற்பியின் வரலாறு குறிப்பிடத்தக்கது. புளோரிடா மாநிலத்திலே 1892இற் பிறந்த இவ்வம்மையார், சிறுமியாயிருந்தபோதே தம் ஊர்ச் செம்மண்ணை எடுத்து வாத்து முதலிய உருவங்களைச் செய்தார். சமய போதகராகிய தந்தையார் இதனை வெறுத்துத் தண்டித்தார். பின்னர் வேறோர் ஊரிற் படித்த காலத்தில், அவர் திறமையைக் கண்ட பாடசாலை அதிபர், ஏனைய மாணவர்க்கு மண்ணுருவம் செய்யக் கற்பிக்குமாறு கூறி நாளொன்றுக்கு ஒரு டொலர் வேதனமும் கொடுத்தார். கற்றதைப் பிறர்க்குக் கொடுக்கும் பழக்கம் அன்றே அவரிடம் வேரூன்றியது எனலாம். 1923இலே பிரான்சு நாட்டின் பொந்தன்புளோவிலுள்ள கோடைக்காலக் கலைப் பயிற்சிக்கு அவர் விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அமெரிக்கத் தெரிவுக் குழு அவரை ஒதுக்கியது. அவர் வாளாவிருந்தாரல்லர்; அவ்வநீதியைப் பத்திரிகைகளில் வெளிப்படுத்தினார். பின்னர் உதவிநிதி பெற்றுப் பாரிசு நகரிற் பயின்று திரும்பினார்.

அவர் திரும்பிய வேளையில், 1929இலே தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். நியூ யோர்க் நகரிலே கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் நிலைமை இன்னும் கொடிது. அந்நாளிற் சிற்பங்களை வாங்குவாரும் அரியர். இத்தகைய சூழலிலேதான் சாவேஜ் அம்மையார் 1932 அளவில் ஹார்லெமிற் கலைப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்து, அயலிலுள்ள சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் கட்டணமின்றிக் கற்பித்தார். அவர் செலவிட்ட பொருளினும் பெரியது அவர் செலவிட்ட காலம். சிற்பம் செதுக்க வேண்டிய நேரத்திற் பெரும்பகுதியை அவர் பிறர் கைகளைப் பழக்குவதிலே கழித்தார்.

ஹார்லெமிலே இவ்வாறு பிள்ளைகளுக்குக் கலை பயிற்றிய இடம் அஃதொன்று மாத்திரமன்று. யூற்றோப்பியா சிறுவர் இல்லம் என்ற நிலையத்திலும் பாடசாலைக்குப் பின்னரான வகுப்புக்கள் நடைபெற்றன. 1930இலே பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஹார்லெமிலிருந்த தாயிடம் வந்து சேர்ந்தான். தந்தை குடும்பத்தை விட்டு நீங்கியிருந்தார். வேலைக்குச் செல்லும் தாய், மகன் தெருவில் அலையாதிருக்க வேண்டுமென்று அவனை அவ்வில்லத்திற் சேர்த்தார். மகனை ஓவியனாக்கும் எண்ணம் அன்று அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மாலைப்பொழுதிற் காவலான ஓரிடமே அவருக்கு வேண்டியிருந்தது. அங்கு கற்பித்த இளம் ஓவியர் சாள்ஸ் அல்ஸ்ரன், அச்சிறுவன் வீட்டு விரிப்புக்களின் நிறங்களையும் கோலங்களையும் நினைந்து வரைவதையும், அட்டைப்பெட்டிகளுக்குள் ஹார்லெம் தெருக்களை அமைப்பதையும் கண்டார். தம் முறையை அவன் மீது திணிக்காது, கேட்ட பொருளைக் கொடுத்து, அவன் போக்கிலேயே விட்டார். அச்சிறுவனே பிற்காலத்திற் புகழ்பெற்ற ஜேக்கப் லோறன்ஸ் ஆவார்.

இந்நிகழ்ச்சியில் இரு படிப்பினைகள் உள்ளன. ஏழைத் தாய் ஒருத்தி கட்டணம் கேட்கும் வாயிலை நாடியிருக்கமாட்டாள் என்பது ஒன்று. குழந்தையின் கையைப் பிடித்து எழுதுவியாது, எங்கே விலகி நிற்றல் வேண்டும் என்பதை அறிந்த ஆசிரியர் அங்கே இருந்தார் என்பது மற்றொன்று. ஆயின் இத்தகைய ஆசிரியர்கள் தம் உழைப்பை எத்தனை ஆண்டுகளுக்குத் தானமாக அளித்தல் கூடும்? ஒருவர் நோயுற்றாலும், ஊர் மாறினாலும், வறுமையுற்றாலும் கூடம் மூடப்படும். ஒருவர் தோளில் நிற்கும் நற்பணி அத்தோள் தளரும் வரையிலேயே நிற்கும்.

1935இல் இச்சுமை அரசின் தோளுக்கு மாறிற்று. வேலையற்றோர்க்கு வேலை வழங்குமாறு ரூஸ்வெல்ற் அரசாங்கம் அமைத்த பெருந்திட்டத்தின் ஒரு பகுதியாகச் சமஷ்டிக் கலைத்திட்டம் தோன்றியது. அதன் பணிப்பாளராகிய ஹோல்கர் கேஹில், கல்வித் தத்துவஞானி ஜோன் டூயியின் கருத்துக்களில் ஈடுபாடு கொண்டவர். கலை என்பது நூதனசாலைச் சுவரிலே தொங்கும் பொருள் மாத்திரமன்று, மக்கள் வாழ்வனுபவத்தின் ஒரு கூறு என்பதை டூயி 1934இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியிருந்தார். அக்கருத்து நாடெங்கும் ஏறக்குறைய நூறு சமூகக் கலைக்கூடங்களாக வடிவு பெற்றது. இத்திட்டத்திற் கவனிக்கத்தக்க நியதி ஒன்று உண்டு. ஆசிரியரின் வேதனத்தை அரசு கொடுக்கும். இடத்தையும் நடைமுறைச் செலவுகளிற் பெரும் பங்கையும் ஊரவர் தேடிக்கொள்ளல் வேண்டும். இதனால் ஆசிரியர் பட்டினி கிடந்து கற்பிக்கும் நிலை நீங்கியது. ஊரும் வெறுங்கையேந்தி நிற்கவில்லை.

இத்திட்டத்தின் கீழ் 1937இறுதியில் ஹார்லெம் சமூகக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் ஓகஸ்ரா சாவேஜ். வரைதல், வண்ணந்தீட்டல், சிற்பம், கல்லச்சு, நெசவு, நிழற்படம் முதலியன பகலிலும் மாலையிலும் கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்டன. முதற் பதினாறு மாதங்களில் அதன் வகுப்புக்களுக்கும் காட்சிகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் வந்தோர் தொகை 70,000ஐத் தாண்டியது. இலவசமானதை மக்கள் மதியார் என்னும் கூற்றுக்கு இத்தொகையே மறுமொழி. லோறன்ஸ் என்ற இளைஞரைச் சமஷ்டித் திட்டத்தின் ஓவியர் பட்டியலிற் சேர்க்க முயன்றவரும் சாவேஜ் அம்மையாரே. வயது போதாதென்று முதன்முறை மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் மறவாது மீண்டும் அவ்விளைஞரை அழைத்துச் சென்று வேலை பெற்றுக் கொடுத்தார். தென்மாநிலங்களிலிருந்து வடக்கே பெயர்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றை 60 சித்திரங்களில் லோறன்ஸ் 1941இல் வரைந்து முடித்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று.

எனினும் அரசின் கையும் எக்காலமும் நீண்டிருப்பதில்லை. 1939இல் நடைபெற்ற நியூ யோர்க் உலகக் கண்காட்சிக்காகச் சாவேஜ் அம்மையார் யாழ் வடிவிலே பாடும் சிறுவர்களை அமைத்து, 16 அடி உயரமான சிற்பம் ஒன்றைச் செய்தார். அதனை உலோகத்தில் வார்க்கவும் பாதுகாக்கவும் பணம் இல்லாமையாற் கண்காட்சி முடிந்ததும் அது உடைக்கப்பட்டது. அப்பணிக்காக விடுப்புப் பெற்றிருந்த காலத்திற் கலைக்கூடத்துப் பணிப்பாளர் பதவியும் வேறொருவர்க்குச் சென்றுவிட்டது. நாடு இரண்டாம் உலகப்போரில் இறங்கியதும் நிவாரணத் திட்டங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1942இல் ஹார்லெம் கலைக்கூடம் மூடப்பட்டது. 1943இற் சமஷ்டிக் கலைத்திட்டமே முடிவுற்றது. ஹார்லெம் மக்களிடம் ஆர்வம் குன்றியதால் இது நிகழவில்லை. வேதனம் நின்றபோது, ஊரவர் தமதென்று பற்றிக்கொள்ளத்தக்க கட்டிடம் அங்கே இருக்கவில்லை.

சிக்காகோ நகரின் தென்பகுதியில் நிகழ்ந்தது வேறு. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் தமக்கும் ஒரு கலைக்கூடம் வேண்டுமென விழைந்தபோது, திட்டத்தின் நியதிப்படி இடம் தேடும் பொறுப்பு அவர்கள் மேல் விழுந்தது. அவர்கள் ‘பத்துச் சத மைல்’ என்னும் நிதிசேர் முயற்சியைத் தொடங்கினர். பத்துச் சத நாணயங்களை வரிசையாக வைத்து ஒரு மைல் நீளத்தை நிரப்புதல் என்பது அதன் கற்பனை. கணக்கிட்டுப் பார்ப்பின் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 90,000 நாணயங்கள் வேண்டும். அவற்றின் பெறுமதி 9,000 டொலர். தனவந்தர் ஒருவர் ஒரே காசோலையிற் கொடுக்கக்கூடிய தொகையே அது. ஆயினும் பத்துப் பத்துச் சதமாகச் சேர்க்கையில் அது ஆயிரக்கணக்கானோரின் கையடையாளத்தைப் பெறுகின்றது. மார்கிறட் பரோஸ் என்னும் இளம் ஓவியர் தெருமூலையிலே தகரக் குவளையுடன் நின்று நாணயம் திரட்டினார். கலைஞர்கள் வேடப்புனைவு நடன விழாக்களை நடாத்தியும் பணம் சேர்த்தனர். இவ்வாறு மிச்சிக்கன் பெருந்தெருவிலே பழைய மாளிகை ஒன்று வாங்கப்பட்டது. 1940 டிசம்பரில் வகுப்புக்களும் காட்சிகளும் தொடங்கின. 1941 மே மாதத்தில் எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையார் கலைக்கூடத்தை முறைப்படி திறந்துவைத்தார்.

ஓவியமும் சிற்பமும் மாத்திரமன்றிக் கவிதையும் அங்கு பயிலப்பட்டது. 1941இல் அங்கு நடைபெற்ற கவிதை வகுப்பிற் பயின்றவர்களுள் ஒருவர் குவென்டலின் புறூக்ஸ். 1950இலே புலிற்சர் பரிசைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவரே. கோர்டன் பார்க்ஸ் என்னும் நிழற்படக் கலைஞர் அம்மாளிகையின் நிலவறையிலுள்ள இருட்டறையிற் பணியாற்றினார். 1943இற் சமஷ்டி உதவி நின்றபோது, நூறு கூடங்களுட் பல மறைந்தொழிந்தன. இக்கூடம் மறையவில்லை. பொருள் முட்டுப்பாடு நேர்ந்த காலங்களிலும், நாணயம் கொடுத்தோரும் அவர்தம் மக்களும் அதனைத் தம் வீட்டுப் பொருளாகவே கருதினர். எண்பது ஆண்டுகளைக் கடந்து அது இன்றும் அவ்வீட்டிலேயே இயங்குகின்றது.

ஆகவே தனியொருவரின் தியாகம், அரசின் உதவி, ஊரவரின் பங்கு ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்பது புலனாகும். தியாகம் இன்றேல் தொடக்கம் இல்லை. அரசுதவி இன்றேல் விரிவும் ஆசிரியர்க்கு வேதனமும் இல்லை. ஊரவர் பங்கு இன்றேல் நிலைபேறு இல்லை. பிள்ளையிடம் கட்டணம் பெறுதல் வேறு. ஊரிடம் பங்கு பெறுதல் வேறு. முன்னது ஏழையை வாயிலிலே நிறுத்தும். பின்னது ஏழையையும் உரிமையாளனாக்கும்.

இவ்வுண்மை ஈழத்தவர்க்குப் புதியதன்று. மட்டக்களப்புக் கிராமங்களிற் கூத்துப் பழகும் முறை இதற்குச் சான்றாகும். அண்ணாவியார் சட்டம் கொடுத்த நாள் தொட்டு, சதங்கை கட்டி, அரங்கேற்றம் காணும் வரை, மாதக்கணக்கான இரவுகளில் ஊரே களரியைச் சூழ்ந்திருக்கும். ஆடுவோர் உழவரும் தொழிலாளருமே. களரியின் ஓரத்தில் உறங்கியும் விழித்தும் இருக்கும் சிறுவர், தமக்கெனப் பாடம் ஏதுமின்றியே தாளக்கட்டையும் பாட்டையும் கற்றுக்கொள்வர். அண்ணாவியாருக்குரிய சன்மானமும் களரிக்குரிய செலவும் ஊர்ப்பொறுப்பாகும். ஏட்டில் எழுதப்படாத இப்பொருளாதாரம் நடைமுறையில் இருந்தமையாலேயே, கூத்து அரச மானியம் எதுவுமின்றித் தலைமுறைகளைக் கடந்து வந்தது.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலையின் வாயிலை ஏழைப் பிள்ளைக்குத் திறந்தது. பாடசாலை மணி அடித்த பின்னர், வேலைக்குச் சென்ற தாய் வீடு திரும்பும் வரை, அப்பிள்ளையின் கைகளுக்கு என்ன வேலை என்பது அத்திட்டத்தில் அடங்காத வினா. வாசிகசாலைகளும் கோயில் மண்டபங்களும் சனசமூக நிலையங்களும் ஊர்தோறும் உள்ளன. அவற்றுட் பல மாலை வேளையில் வெறுமையாய்க் கிடக்கின்றன. வண்ணமும் களிமண்ணும் பெருஞ்செலவினவல்ல. கற்பிக்கத்தக்க ஆசிரியர்க்கு உரிய வேதனத்தை ஊர்தோறும் சிறுதொகையாகத் திரட்டுதலும் இயலாததன்று. இடம் உண்டு, பிள்ளைகள் உளர், முதல் நாணயத்தை இடுவோரே வேண்டப்படுகின்றனர்.