தண்டை அளந்த பொறியாளர்

குறித்த காலத்துக்கு ஒருமுறை இயந்திரத்தைப் பிரித்து, பாகங்களை மாற்றிப் பூட்டிவிட்டால் பழுது வராது என்பது தொழிற்சாலைகளில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த நம்பிக்கை. ஓட ஓடத் தேய்மானம் கூடும் என்ற எளிய கணக்கு அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் பணியாற்றிய உயிரியலாளர் சி.எச். வாடிங்டன், பழுதுப் பதிவுகளை ஆராய்ந்தபோது இந்தக் கணக்கு பொய்த்தது. 50 மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை நடக்கும் சோதனை முடிந்த கையோடு எதிர்பாராத பழுதுகள் எகிறின. பிறகுதான் மெல்லக் குறைந்தன. நன்றாக ஓடியதைப் பிரித்துப் பூட்டியதே கோளாறுக்குக் காரணமாகியிருந்தது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நௌலனும் ஹீப்பும் அளித்த அறிக்கை இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் வயதை வைத்து மாற்றுவதால் பயன்பெறக்கூடியவை 11 சதவீதமே.

நாட்காட்டி உதவாது என்றால், இயந்திரம் இன்று எப்படி இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். எங்கே அளப்பது என்பதில்தான் சிக்கல். பெரிய டர்பைன், கம்ப்ரசர்களில் சுழலும் தண்டு பேரிங்கின் உலோகத்தைத் தொடாமல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து ஓடும். இயந்திரத்தின் வெளிக்கூடு கனமாக இருந்தால், உள்ளே தண்டு தள்ளாடினாலும் அதில் சிறு பங்குதான் வெளியே தெரியும். கூட்டின் அதிர்வை மட்டும் பார்ப்பவருக்கு ஆபத்து தாமதமாகவே புலப்படும். அயோவா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த டொனால்ட் பென்ட்லி இந்த இடைவெளியில்தான் தன் தொழிலைக் கட்டினார். 1950-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சிறு அளவில் தொடங்கி, 1961-இல் நெவாடாவின் மிண்டன் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்த அவரது நிறுவனமே பின்னர் பென்ட்லி நெவாடா என்று அறியப்பட்டது.

அவர் கையில் எடுத்த சாதனம் சுழல் மின்னோட்ட உணரி. அதன் முனையிலுள்ள சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும். எதிரே உள்ள எஃகுத் தண்டின் மேற்பரப்பில் அது சுழல் மின்னோட்டங்களைத் தூண்டும். தண்டு நெருங்க நெருங்க இழப்பு கூடி மின்னழுத்தம் மாறும். மில்லிமீட்டருக்கு 7.87 வோல்ட் என்பது இவ்வகை உணரிகளில் பரவலான அளவு. அப்படியென்றால் ஒரு மைக்ரோமீட்டர் அசைவுக்கும் ஏறத்தாழ 8 மில்லிவோல்ட் மாற்றம் கிடைக்கும். செங்கோணத்தில் இரண்டு உணரிகளை வைத்தால், தண்டின் மையம் வரையும் பாதை திரையில் தெரியும். நிறை ஒருபுறம் கூடியிருந்தால் சுற்றுக்கு ஒருமுறை அதிரும். எண்ணெய்ப் படலமே நிலைகுலைந்தால் சுழற்சி வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான அதிர்வெண் தலைகாட்டும். நோய்க்கேற்ப நாடி மாறுவதுபோல் ஒவ்வொரு கோளாறுக்கும் தனிக் குறி உண்டு.

ஆனால் குறியைப் படிக்கத் தெரியாதவருக்கு உணரி வெறும் உலோகக் குழாய்தான். பென்ட்லியின் நிறுவனம் வளர்ந்த வழி இதை உணர்ந்ததன் விளைவு என்றே நான் கருதுகிறேன். உணரியோடு எச்சரிக்கைக் கருவிகள் சேர்ந்தன. வாடிக்கையாளர்களுக்குப் பயிற்சி வந்தது. தண்டு ஏன் அப்படி அசைகிறது என்று ஆராயத் தனி ஆய்வு அமைப்பே உருவானது. 1976-இல் அமெரிக்கப் பெட்ரோலியத் துறையின் ஏபிஐ 670 தரநிலை வெளிவந்தபோது, தொடாமல் அளக்கும் முறை துறையின் பொது நடைமுறையாகிவிட்டது. 2002-இல் ஜெனரல் எலக்ட்ரிக் அந்த நிறுவனத்தை வாங்கியது. அப்போது கைமாறியதில் கம்பிச்சுருளைவிட மதிப்பு மிக்கது, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த நோயறியும் அறிவு.

கைக்கடக்கமான கம்பியில்லா உணரியும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட பிறகு இந்த அறிவு எதற்கு என்று கேட்கலாம். பேரிங்கில் குண்டுகள் உருளும் சாதாரண மோட்டார், பம்புகளுக்கு அக்கேள்வி ஓரளவு நியாயமானது. அங்கே அதிர்வு உலோகத்தின் வழியே நேராகக் கூட்டுக்கு வந்துவிடும், வெளியே ஒட்டிய உணரியே போதும். அதாவது எங்கே அளக்கலாம் என்பதை அங்கும் இயற்பியல்தான் தீர்மானிக்கிறது. பெரிய டர்பைனின் நிலை வேறு. அது அரிதாகவே உடைவதால், உடைவுக்கு முந்தைய தரவும் அரிது. வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கணினி சுட்டிக்காட்டும். அது எதனால், எத்தனை நாள் தாங்கும், ஆலையை இப்போதே நிறுத்தலாமா என்பவற்றுக்கு விடை காரணத்தை அறிந்தவரிடமே கிடைக்கும். இரண்டு முறை வீணாக ஆலையை நிறுத்தவைத்த கருவியை மூன்றாம் முறை யாரும் நம்பமாட்டார்கள்.

செலவைக் காட்டியும் இத்தகைய கண்காணிப்பை மறுக்கலாம். பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிவிடக்கூடிய சிறு மோட்டாரை உடையும்வரை ஓடவிடுவதே சிக்கனம். எச்சரிக்காமலே நின்றுபோகும் பாகங்களை எந்த உணரியாலும் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. இவை, அளந்து பழுதை முன்னறியும் முன்கணிப்புப் பராமரிப்பின் எல்லைகள். இத்தொழிலில் இன்று நிறுவனம் தொடங்கும் பொறியாளர் மென்பொருளுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்த இயந்திரம் எந்த வழியில் கெடும், அதன் முதல் அடையாளம் எந்த இடத்தில் தெரியும் என்று கண்டறிவது. அதைத் தவறவிட்டால், எவ்வளவு தரவு குவிந்தாலும் பழுது நடந்த பிறகே அதற்கு விளக்கம் சொல்ல முடியும்.